எதற்காகப் போகிறாய்?

கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. மதுரைச் சீமையில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் சொற்பம். அதில் இது ஒன்று. எங்கள் ஊர் ஸ்டேஷனில் மட்டும் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். எங்கே போகிறாய், எதற்காகப் போகிறாய் என்று கேட்டு, பதிலை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா என்பார்கள்.

அந்த இங்கிலீஷ்தான் என் பிழைப்பு. என் பெயர் சேக் இஸ்மாயில். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் வரை படித்து, வாப்பா மௌத்தானதும் படிப்பை விட்டவன். நாகமலைக்குத் தெற்கே, மேற்கு நோக்கிப் போகும் சாலையில் இருந்த அந்த ஊரில், ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ஒரு சாய்வுப் பெட்டியையும் மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அது ரேகைச் சட்டத்தின் காலம். பிறந்த சாதியை வைத்தே ஒருவனைத் திருடன் என்று எழுதிவைத்து, பத்து விரலையும் மையில் அழுத்தி எடுத்துக்கொள்ளும் சட்டம் அது. ரேகை கொடுத்தவன் பொழுது சாயும்போது ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டில் ‘நோக்கம்’ என்று ஓர் இடம் உண்டு. வெள்ளைக்காரத் துரை வந்து புரட்டிப் பார்ப்பார் என்று சொல்லி, அந்த ஒரு வரி இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் சப்இன்ஸ்பெக்டர் வைத்திருந்தார். துரை வந்து நான் பார்த்ததில்லை.

இங்கிலீஷில் நோக்கத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்து இரண்டு பாதை. ‘டு’ போட்டு வினையை மொட்டையாக நிறுத்தலாம்: ‘டு பை எ புல்’, மாடு வாங்க. இல்லாவிட்டால் ‘ஃபார்’ போட்டு வினைக்கு ‘இங்’ என்று வால் கட்டலாம்: ‘ஃபார் பையிங் எ புல்’. மனிதன் ஒரு காரியத்துக்காகக் கிளம்பினால் ‘டு’தான் சரி, கத்தி எதற்கு, வெட்டுவதற்கு, கயிறு எதற்கு, கட்டுவதற்கு என்று பொருளின் உபயோகத்தைச் சொல்லத்தான் வால் என்று வாத்தியார் பிரம்பால் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கள் சப்இன்ஸ்பெக்டருக்கோ வால் இல்லாவிட்டால் இங்கிலீஷாகவே தெரியாது. சீட்டில் கையெழுத்துப் போடுகிறவரோடு இலக்கணச் சண்டை போட எனக்கென்ன பைத்தியமா? கத்திக்கும் கயிற்றுக்கும் எழுதுகிற மாதிரியே மனிதர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் காளை வந்தான். கூட அவன் பெண்டாட்டி சீனியம்மாள். காளை அதிகம் பேசாத ஆள். நல்ல உழவன். சீட்டில்லாமல் மாட்டுச் சந்தைக்குப் போய் மாட்டி, ஏற்கெனவே ஜெயிலைப் பார்த்தவன். இன்னொரு முறை மாட்டினால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று சப்இன்ஸ்பெக்டர் அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

“தங்கச்சியப் பாக்கணும் பாய்,” என்றான்.

அவனுக்கு ஒரே தங்கச்சி, தங்கப்பொண்ணு. நாகமலைக்கு வடக்கே, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் முத்திருளன் என்பவனுக்கு வாக்கப்பட்டவள். தாய் செத்தபோது இவன் மீசை முளைக்காத பையன், அவள் கைக்குழந்தை. தோளில் போட்டுக்கொண்டே உழுதானாம். இப்போது அவளுக்கு வயிற்றில் கட்டி. கஞ்சித் தண்ணியும் இறங்கவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். ‘எங்கண்ணனை ஒருவாட்டி பாத்துட்டாப் போதும்’ என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் எழுதினேன்: ‘ஃபார் சீயிங் ஹிஸ் சிக் சிஸ்டர்.’ அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“என்னாச்சு?” என்றேன்.

“அந்த ஊரு ஸ்டேஷனுக்கு எழுதிப் போட்டு, சீக்கு நெசமான்னு விசாரிச்சு, பதில் வந்த பொறவு வான்னு சொல்லிட்டாரு பாய். எட்டு நாளாவது ஆகுமாம்.”

“அவ எட்டு நாள் தாங்க மாட்டாளே,” என்றாள் சீனியம்மாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நோயாளி தபாலுக்குக் காத்திருக்க வேண்டும் என்கிற ஞானம் காக்கி போட்டால்தான் வரும். ஆனால் கோபத்தை வைத்து மை தொட்டு எழுத முடியாது.

சீனியம்மாள் என் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எழவுன்னா ஒடனே சீட்டுக் குடுக்குறாகளே, அது எப்பிடி?”

அது அந்த ஊருக்கே தெரிந்த விஷயம். செத்தவள் பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து பிணத்தின் மேல் போடாமல் தூக்கமாட்டார்கள். பிணம் காத்திருக்காது என்பதால் சாவுக்கு மட்டும் விசாரணை இல்லாமல் அன்றே சீட்டுக் கொடுப்பார்கள். இழவு விழுந்த ஊர் மணியக்காரர் சீட்டின் முதுகில், ஆமாம் இழவு நடந்தது என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

“அப்ப செத்துட்டான்னு எழுதுங்க பாய்,” என்றாள் அவள்.

காளை கையை ஓங்கிவிட்டான். ஸ்டேஷன் வாசல் என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினான்.

“உசுரோட இருக்கவள வாயாலயே கொல்லுறியாடி?”

“நானா கொல்லுறேன்? சீக்குக்கு வழி விடமாட்டேங்குறாக, சாவுக்கு விடுறாக. நீ அவ மொகத்த உசுரோட பாக்கணுமா வேணாமா? அதச் சொல்லு மொதல்ல.”

அவன் என் பெட்டிக்கு முன்னால் குந்தினான். பிறகு என்னிடம் கேட்டான்: “பாய், இங்கிலீசுல எழுதுனா பலிச்சுருமா?”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். “எனக்குத் தெரியல காளை. ஆனா நான் இங்கிலீஷ்ல எழுதுனது எதுவும் இதுவரைக்கும் பலிச்சதில்ல,” என்றேன். மனு எழுதுகிறவன் சொல்லக்கூடிய பெரிய உண்மை அது.

“அவ பேர எழுதாதீக.”

“பேரு வேணாம். சிஸ்டர்னு போட்டாப் போதும். தங்கச்சின்னு அர்த்தம்.”

“தங்கச்சின்னா ஊருல எம்புட்டோ பேரு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எமன் படித்துப் பார்த்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்கிற நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. ‘டு பெரி ஹிஸ் சிஸ்டர்’ என்று எழுதினேன். தங்கச்சியை அடக்கம் செய்ய. அன்றைக்கு வால் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பொய் எழுதினேனே என்று நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு வந்து கேட்டாலும் எழுதுவேன். வாசலை அடைத்துவைத்துவிட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு வந்தான் என்று குற்றம் சொல்வது என்ன நியாயம்?

சீனியம்மாள் கெட்டிக்காரி. இவன் ஸ்டேஷனுக்குள் போவதற்கு முன்பே கடைக்கு ஓடி அரக்குக் கலரில் ஒரு சேலை வாங்கி வந்துவிட்டாள். கையில் கோடியில்லாமல் இழவுக்குப் போகிறேன் என்றால் எவன் நம்புவான்? சப்இன்ஸ்பெக்டர் கோடியைப் பார்த்தார். ஏட்டு அதைத் தடவியே பார்த்தார். மறுநாள் பொழுது சாய ஆஜராக வேண்டும் என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நாகமலைக் கணவாயைப் பார்த்து நடந்தார்கள். ‘போயிட்டு வாரேன்’ என்று காளை என்னிடம் சொல்லவில்லை. இழவுக்குப் போகிறவன் சொல்லக் கூடாது, ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நடந்ததைச் சீனியம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

மணியக்காரர் வீடு பெரிய ஊரில். தங்கப்பொண்ணு இருந்த குடியிருப்பு அங்கிருந்து வயல்களைத் தாண்டி, தனியாக நாலைந்து குடிசை. மணியக்காரர் சீட்டை வாங்கி, இருந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புவார் என்று இவர்கள் நினைத்தார்கள். அவரோ, “எங்க எல்லைல ஒரு சாவு, எங் காதுக்கே வரலையே! நானே வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போட்டுத் தாரேன்,” என்று மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சீனியம்மாள் ‘ஐயோ தங்கப்பொண்ணு’ என்று ஒரு கூப்பாடு போட்டுத் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, துக்கம் தாங்காதவள் மாதிரி வரப்பில் முன்னால் ஓடினாள். மார்போடு கோடியை அணைத்திருந்தாள்.

குடிசைக்குள் தங்கப்பொண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் சின்னத்தாய் என்ற பக்கத்துக் குடிசைக்காரி விசிறிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் மூச்சு வாங்க விஷயத்தைக் கொட்டினாள். மணியக்காரர் வந்து பார்த்துப் பொய் என்று தெரிந்தால் காளை அப்படியே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

தங்கப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ, புரண்டு மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் செயிலுக்குப் போறதுக்கா நா உசுரோட இருக்கேன்? கோடியப் போடு மதினி.”

“ஆத்தா, அது வந்து...”

“போடுங்கிறேன்ல. ஏ சின்னத்தாயி, எம்மேல உள்ள சண்டைய மறந்துட்டு நல்லா அழு. எவ எப்பிடி அழுறீகன்னு நா கேட்டுக்கிட்டுத்தான் கெடப்பேன்.”

சேலையைப் பிரித்து முகம் மூடப் போர்த்தினார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னதும் அவள்தான். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். முதலில் வாய்தான் அழுதது. சின்னத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு, ‘என் சண்டைக்காரி போயிட்டாளே, இனி நா யாரோட மல்லுக்கட்டுவேன்’ என்று இழுத்ததும், எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அழ வேண்டியதைத்தான் இப்போது அழுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மணியக்காரர் வாசலோடு நின்றார். உள்ளே வந்தால் தலை முழுக வேண்டும்; காற்றுக்காலத்தில் அவருக்கு அது முடியாது. வாசலில் குனிந்து, அரக்குச் சேலையையும் கட்டிய கால்களையும் பார்த்தார். “எப்ப எடுக்குறீக?” என்று கேட்டார். “வெயில் தாழ,” என்றான் முத்திருளன். அவர் சீட்டின் முதுகில் கையெழுத்துப் போட்டுக் காளையிடம் கொடுத்து, “மனசத் தேத்திக்கப்பா,” என்று சொல்லிவிட்டு வயலைத் தாண்டிப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகு காளை உள்ளே வந்து சேலையை விலக்கினான். தங்கப்பொண்ணு கண்ணைத் திறந்தாள். அண்ணனும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அழ, அவள்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல கலருண்ணே. ஏங் கல்யாணத்துக்கு இதே கலருதான் கேட்டேன். நீ பச்ச எடுத்துட்டு வந்த.”

“அன்னைக்கு அரக்கு கெடைக்கல தாயி,” என்றான் அவன்.

அன்று பொழுதுக்கும் அவன் அவள் காலை விட்டு நகரவில்லை. கால்விரல் கட்டை அவன்தான் அவிழ்த்தான். அவன் கையால் கொடுத்த கஞ்சி நாலு வாய் இறங்கியது. அந்தச் சேலையை மடித்து வைக்கப் போனபோது அவள் விடவில்லை. ‘எங்கண்ணன் எடுத்தது, செத்த பொறவு கட்டுனா எனக்கென்ன தெரியப் போவுது?’ என்று சொல்லி, பெண்களை விட்டு இடுப்பில் சுற்றச் சொன்னாள். அது அபசகுனம் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காளை சீட்டைக் காட்டி ஆஜரானான். சீனியம்மாளுக்கு ரேகை இல்லை. அவள் நாத்தனாரைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். காளை என்னைத் தேடிவந்து, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “பாத்துட்டேன் பாய். பேசிட்டேன்,” என்றான். மையைத் தொட்டுப் பிழைக்கிற எனக்கு அதைவிடப் பெரிய கூலி கிடைத்ததில்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

சில நாள் கழித்து, வெயில் ஏறுகிற நேரத்தில் சின்னான் ஓடிவந்தான். முத்திருளனின் தம்பி அவன். காளை என் மரத்தடியில்தான் நின்றிருந்தான்.

“தங்கப்பொண்ணு மதினி போயிருச்சு மச்சான். விடியால. சீனியம்மாக்கா ஒன்னைய ஒடனே வரச் சொன்னாக.”

காளை அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். எதிரே ஸ்டேஷன்.

“கோடிதான் அவ மேலயே இருக்கே. நா வரலைன்னாலும் எடுத்துரலாம்ல?” என்று கேட்டான். கேட்கும்போதே பதில் அவனுக்குத் தெரியும்.

“பெருசுக ஒத்துக்கல மச்சான். உடுத்துன சேல கோடி ஆகாதுங்கிறாக. பொறந்த வீட்டுலேர்ந்து அண்ணன் கையால புதுசா விழுந்தாத்தான் தூக்குவோம், இல்லாட்டி அவ அநாதப் பொணம்னு ஆயிரும்ங்கிறாக. கொட்டுச் சத்தம் கேட்டா மணியக்காரருக்குத் தெரிஞ்சுரும்னு மேளம்கூடச் சொல்லல. ஒன்னையத்தான் எதிர்பாத்துக் கெடக்கு.”

காளை என்னைப் பார்த்தான். “எழுதுங்க பாய்.”

நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது? அடக்கம் செய்ய என்று ஏற்கெனவே எழுதியாயிற்று. ஒருத்தியை இரண்டு தடவை அடக்கம் செய்ய எந்தச் சர்க்காரும் சீட்டுக் கொடுக்காது. வேறொரு தங்கச்சி என்று எழுதலாமென்றால், ரேகை எடுத்தபோதே ஒரே தங்கச்சி என்று பதிந்து வைத்திருந்தார்கள். மச்சானுக்குச் சீக்கு என்று எழுதினால் விசாரணை, தபால். யோசித்து யோசித்து, கருமாதிச் சடங்கு செய்ய என்று எழுதி, வாலும் கட்டி, நானே அவனோடு ஸ்டேஷனுக்குள் போனேன்.

சப்இன்ஸ்பெக்டர் படித்தார். “என்ன பாய், எனக்கே கதை சொல்றீரா? செத்தது போன வாரம். கருமாதி பதினாறாம் நாள். அன்னைக்கு வரச் சொல்லும், தாரேன்,” என்றார். அவரும் நம்ம ஊர்க்காரர். கருமாதிக் கணக்கு துரைக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்தார்.

வெளியே வந்தோம். காளை மரத்தில் சாய்ந்து நின்றான்.

“பொய்க்கு எழுதிக் குடுத்தீக, போனேன். இப்ப நெசம் பாய். நெசத்துக்கு ஒரு வரி எழுத மாட்டீகளா?”

இரண்டு பாதை தெரியும் என்று மார்தட்டிய எனக்கு அன்றைக்கு ஒரு சந்துகூடத் தெரியவில்லை. சீட்டில்லாமல் போய்விடுவானோ என்று பயந்தேன். கணவாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டினால் அவனுக்கு வருஷக்கணக்கு. மணியக்காரரை வைத்து விசாரித்தால் முத்திருளனுக்கும் சின்னத்தாய்க்கும் அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் விலங்கு. அதை அவனும் நினைத்திருக்க வேண்டும். நடந்தான், கணவாய்க்கு அல்ல, கடைக்கு. அரக்குக் கலரில் இன்னொரு சேலையோடு வந்தான்.

“சின்னா, இதக் கொண்டுபோயி நீ போடு.”

“நா எப்பிடி மச்சான் போடுறது? ஒங் கையால விழணும்ல.”

காளை சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு என் மைக்கூட்டை எடுத்தான். உள்ளங்கையில் மையைக் கவிழ்த்து, பத்து விரலிலும் தேய்த்துக்கொண்டான். ஸ்டேஷனில் பழகிய கை. எவ்வளவு மை, எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரியும். சேலையின் முந்தியை என் பெட்டியின் மேல் விரித்து, ஒவ்வொரு விரலாக உருட்டி உருட்டி ரேகை வைத்தான்.

“இது எங் கைதான்னு கவுருமெண்டே ஒத்துக்கிருச்சு. பெருசுககிட்டக் காட்டு. இதுக்கு மேலயும் அண்ணன் கையி எதுன்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல,” என்றான்.

சின்னான் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். பெருசுகள் அந்த முந்தியைப் பார்த்தார்களாம். சின்னானையே போடச் சொன்னார்களாம். மேளமில்லாமல், வாய்விட்டு அழவும் முடியாமல், தங்கப்பொண்ணைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று சீனியம்மாள் வந்து சொன்னாள். செத்தவளுக்காக அழ வேண்டிய அழுகையெல்லாம் அவள் காதுபடவே அழுதாகிவிட்டது.

அன்று பொழுது சாய ஆஜர் எடுத்தார்கள். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். வரிசையில் காளையின் முறை வந்தது. அவன் விரல்களில் மை போகாமல் இருந்தது. கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

“என்னடா, கண்ணு ஏன் இப்பிடி இருக்கு? குடிச்சியா?” என்று கேட்டார் ஏட்டு.

“இல்லய்யா. தங்கச்சி செத்துப்போச்சு.”

“அது போன வாரம் செத்ததுதானடா. இன்னுமா அழுவுற?”

காளை மை அப்பிய கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

“ஆமாய்யா,” என்றான். “போன வாரந்தான்.”